நெக்ரோபயோசிஸ் லிப்பாய்டிகா: மருந்து ஓரத்துக்கு, காவல் நடுவுக்கு

நெக்ரோபயோசிஸ் லிப்பாய்டிகா, சர்க்கரை நோயோடு தொடர்புடைய ஒரு தோல் நோய். முழங்காலுக்குக் கீழே, எலும்பு கைக்குத் தட்டுப்படும் முன்பக்கத்தில்தான் பெரும்பாலும் திட்டாக வரும். நடுவில் மஞ்சள் பாய்ந்து, மெழுகு பூசியதுபோல் பளபளத்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். ஓரம் மட்டும் செம்பழுப்பாகச் சற்றே தடித்திருக்கும். இதற்கென்றே வந்த மருந்து கிடையாது. வேறு நோய்களின் மருந்துகளைத்தான் இரவல் வாங்குகிறோம். முதலில் ஒன்று புரிய வேண்டும்: நோய் உயிரோடு இருப்பது ஓரத்தில். நடுப்பகுதி ஏற்கெனவே மெலிந்துபோன தோல். அது பழையபடி திரும்பாது.

பழகிய தோல் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் மட்டும் பயாப்ஸி, அதாவது தோல் துணுக்கு எடுத்துச் சோதிப்பது; அதுவும் ஓரத்திலிருந்து. நடுவில் கத்தி பட்டால் புண் ஆறாமல் இழுக்கும்.

தொடக்கம் பெரும்பாலும் குளோபெட்டசால் 0.05% என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பலரும் சறுக்குவது இங்கேதான்: திட்டு முழுக்கத் தேய்க்கிறார்கள், நடுத்தோல் இன்னும் மெலிந்து உடைகிறது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் மேற்பார்வை இல்லாமல் இழுக்கவும் கூடாது. ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் ஓரத்தில்தான்; போட்ட பின் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம், வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள். தோல் மெலிவதற்கு அஞ்சுவோருக்கு ஸ்டீராய்டு இல்லாத களிம்பான டாக்ரோலிமஸ் 0.1%, தினம் இரு வேளை. முதல் வாரம் எரியலாம். அதற்குப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு.

களிம்புக்கு மசியவில்லை என்றால் பூவா (சொராலென் மருந்தோடு புற ஊதாக் கதிர்) ஒளிச் சிகிச்சை, அல்லது ரத்த ஓட்டத்துக்கு உதவும் பென்டாக்சிஃபைலின் மாத்திரை 400 மில்லிகிராம், உணவோடு மூன்று வேளை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொரு தேர்வான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது, ஆகவே இன்சுலின் அளவைக் கவனிக்க வேண்டும்; விழித்திரைப் பரிசோதனையும் உண்டு. பிரெட்னிசோலோன் மாத்திரை நேர் எதிர்: சர்க்கரையைத் தாறுமாறாக்கும். ஆறாத புண்ணுக்கு, நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் என்று போவார்கள். அதற்கு முன் காசநோய், சிறுநீரகப் பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திட்டு புண்ணாகும், பெரும்பாலும் சிறு அடி பட்டு. திட்டில் உணர்ச்சி குறைந்திருப்பதால் இடித்ததே தெரியாது. தடித்த நீள சாக்ஸ் உதவும். புண்ணில் ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுங்கள், பிளாஸ்திரி நேராகத் திட்டில் படக்கூடாது. அழுத்தக் காலுறை நல்லதுதான், ஆனால் கணுக்கால், கை ரத்த அழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே. தமனி அடைப்புள்ள காலில் அது ஆபத்து. நாட்பட்ட புண்ணின் விளிம்பு கெட்டியாகித் தடித்தால் புற்றுநோய்ச் சோதனை அவசியம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தும் திட்டு மறையவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள்; இரண்டுக்கும் நேர்க்கணக்கு இல்லை. புகை மட்டும் விட்டே ஆக வேண்டும்.

மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், ஓரம் தட்டையாகி, திட்டு பரவாமல் நின்றிருந்தால் மருந்து வேலை செய்கிறது.