பறக்குற ஃபோமப் பிடிக்க ஒரு கேமரா

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

காத்து எந்திரிக்கதுக்கு முன்னாடி பறத்திறணும்னு மச்சான் அவசரப்படுத்துனதுல காலைல ஆறரைக்கே மானூர் பக்கத் தரிசுக்குப் போயிட்டோம். ஒரு மீட்டர் இறக்கை, ரிமோட்ல பறக்குற ஃபோம் பிளேன், ரெண்டு மாசமா ராத்திரி உக்காந்து அவனே வெட்டி ஒட்டுனது. மூணாவது ரவுண்டுல டைவ் விட்டு நிமுத்தும்போது வலது இறக்கை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு, மிச்சம் நேரா வந்து கரிசல்ல குத்திருச்சு. அவன் ஒண்ணுமே பேசல. துண்டு துண்டா பொறுக்கிப் பெட்டில போட்டோம். ஏன் பிஞ்சுதுன்னு தெரியணும்லா, நான் போன்ல எடுத்தத ஓட்டிப் பாத்தா வெறும் வானம், நடுவுல கொசு மாதிரி ஒரு புள்ளி.

பிப்ரவரி 4

தூக்கம் வரல, கணக்கு போட்டேன். போன் மெயின் லென்ஸ் 26 எம்.எம்.னா 60 மீட்டர் தூரத்துல ஃப்ரேமோட அகலம் 83 மீட்டர் வருது. அதுல ஒரு மீட்டர் பிளேன்னா ஃபுல் எச்டில வெறும் 23 பிக்சல். அதுல எங்க இறக்கையப் பாக்க, எங்க இறக்கையோட பின் ஓரத்துல மேல கீழ அசையுற அய்லரானப் பாக்க! ஆக்‌ஷன் கேமராவும் அப்படித்தான், பிளேன்ல மாட்டுனா அருமையா இருக்கும், தரைல நின்னு எடுக்க ஆகாது. டிஜிட்டல் ஜூம் இருக்குற புள்ளியத்தான் பெருசாக்கும். லென்ஸாலயே பெருசாக்குற ஆப்டிகல் ஜூம் வேணும், வேற வழியே கிடையாது.

பிப்ரவரி 8

ஜங்ஷன் பக்கம் ஒரு கடைல கேட்டேன், ஃபோர்கே (4K) ஃபோர்கேன்னே சொல்லுதாரு. செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்னு கேட்டா 25. நமக்கு அது பத்தாது. பிளேன் 120 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா செகண்டுக்கு 33 மீட்டர், 25 ஃப்ரேம்ல எடுத்தா ஒவ்வொரு ஃப்ரேமுக்கு நடுவுலயும் 1.3 மீட்டர் தாண்டிருது, அதாவது பிளேனோட நீளத்துக்கும் மேல. ஃபுல் எச்டி 50 ஃப்ரேம்தான் இதுக்கு நல்லது. ஷட்டர் வேகமும் முக்கியம், 1/50 செகண்ட்ல வச்சா ஒரு ஃப்ரேமுக்குள்ளயே 67 சென்டிமீட்டர் இழுவிரும், 1/1000ல வச்சா மூணு சொச்சம்தான். ஷட்டர நம்ம கையால வைக்க முடியாத கேமரா எதுவா இருந்தாலும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பிப்ரவரி 15

பாளையங்கோட்டைல கல்யாண வீடியோ எடுக்க அண்ணாச்சி ஒருத்தர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிட்டாராம், பழைய வீடியோ கேமரா சோனி ஏஎக்ஸ்53 சும்மா கிடக்கு, எடுத்துக்கோன்னாரு. பானாசோனிக் வி785 ஒண்ணும் மனசுல இருந்துச்சு, ரெண்டுலயும் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம், ரெண்டுலயும் 50 ஃப்ரேம் உண்டு. ஆனா சோனில கண்ண ஒட்ட வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் இருக்கு, பானாசோனிக்ல கிடையாது. நம்ம ஊரு வெயில்ல ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு வானத்துல பிளேனத் தேடவே முடியாது, அதுக்காகவே சோனிய எடுத்தேன். அண்ணாச்சி ரெண்டு பேட்டரியும் சேத்துத் தந்தாரு, நல்ல மனுசன்.

பிப்ரவரி 16

மச்சான் பழைய டிரெய்னர் பிளேன எடுத்துட்டு வந்தான், பழகிக்கிடதுக்கு. முதல் பத்து நிமிசம் ஒண்ணும் தேறல. ஃபுல் ஜூம்ல 60 மீட்டர் தூரத்துக்கு ஃப்ரேம் அகலம் நாலு மீட்டர்தான், பிளேன் சர்ருன்னு வெளிய போயிருது, அப்புறம் தேடிக்கிட்டே நிக்க வேண்டியதுதான். ஜூமப் பாதிக்குக் கொறச்ச பெறவுதான் பிடிபட்டுச்சு. ஒரு கண்ணு வியூஃபைண்டர்ல, இன்னொரு கண்ணத் திறந்து வச்சு வானத்துல, இடுப்புலருந்து திரும்பணும், கையால திரும்புனா ஆடுது. வெறும் வானத்துல ஆட்டோ ஃபோகஸ் முன்னயும் பின்னயும் அலையுது, அதனால அந்தால நிக்க பனைல ஃபோகஸ் வச்சு மேனுவல்ல பூட்டிட்டேன். வானம் பளிச்சுன்னு இருக்கதால பிளேன் கரிக்கட்டையா தெரிஞ்சுது, எக்ஸ்போஷர ஒரு படி ஏத்துனதும் ஸ்டிக்கர் கலரே தெரியுது.

ஒரு விசயம், விஜயநாராயணம், மகேந்திரகிரி பக்கம் நாங்க பறத்தப் போறதே கிடையாது, ஒண்ணு கடற்படை, இன்னொண்ணு இஸ்ரோ. புதுசா பறத்துற பயலுவ தயவுசெஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க.

பிப்ரவரி 23

அதே டிசைன்ல புதுசு. போன தடவ மாதிரி மூணாவது ரவுண்டுல டைவ், நான் விடாம பின்னாலயே போனேன், நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஒரு மாதிரி பர்ர்ர்னு சத்தம் வந்துச்சு, மச்சான் உடனே த்ராட்டிலக் கொறச்சு மெதுவா இறக்கிட்டான்.

வீட்டுல வந்து ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாத்தோம். ப்ரொப்பல்லர் அரிவாள் மாதிரி வளைஞ்சு தெரிஞ்சுது, அது சென்சார் வரி வரியா படிக்கதுனால, அத நம்பக் கூடாது. ஆனா வலது அய்லரான் ஒரு ஃப்ரேம்ல மேல, அடுத்ததுல கீழ, மறுபடி மேல. அய்லரான ஒரு கம்பி வழியா அசைக்க குட்டி மோட்டார்தான் சர்வோ, அது அசையவே இல்ல, அய்லரான் மட்டும் தன்னால அடிக்கு, இறக்கையும் அதோட சேந்து முறுக்குது. வேகத்துல காத்து பட்டுத் தன்னால துடிக்க இதுக்குப் பேருதான் ஃப்ளட்டர்! மச்சான் ஸ்க்ரீன்ல விரல வச்சுக்கிட்டே இருந்தான், "மச்சான், கம்பி மெலிசு, அதான்"னான். தொட்டுப் பாத்தா கீல்லயும் ஆட்டம் இருக்கு.

இப்ப மணி பதினொண்ணு, தடிச்ச கம்பி வளைச்சுக்கிட்டு இருக்கான், நான் கீல் சந்துல டேப் ஒட்டிக்கிட்டு இருக்கேன், பேட்டரி ரெண்டும் சார்ஜ்ல கிடக்கு.