யாருக்கு எந்தச் சாவடி? தேர்தல் பணி நாட்குறிப்பு

16 மார்ச் 2024, சனி

தேதி வந்துவிட்டது. மாலை மூன்று மணிக்கு டெல்லியில் தலைமைத் தேர்தல் ஆணையர் அறிவித்தார். ஏழு கட்ட மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. நாடு முழுவதும் 96.8 கோடி வாக்காளர்கள், 10.5 லட்சம் வாக்குச்சாவடிகள், அலுவலர்களும் பாதுகாப்புப் பணியாளர்களுமாக 1.5 கோடிப் பேர் என்றார்.

அந்த 1.5 கோடியில் நானும் உண்டு என்பது பிப்ரவரியிலேயே தெரியும். பள்ளி அலுவலகத்தில் எல்லோருடைய விவரங்களையும் கேட்டு வாங்கினார்கள். பதவி, சம்பள நிலை, வாக்காளர் அடையாள எண், வங்கிக் கணக்கு, ஓய்வுபெறும் நாள், வசிக்கும் சட்டமன்றத் தொகுதி, பணிபுரியும் தொகுதி. கடைசி இரண்டும் எதற்கு என்று புதிதாக வந்த ஆசிரியை கேட்டார். அந்த இரண்டு தொகுதிகளிலும் நமக்குப் பணி வராது என்றேன். தெரிந்த முகங்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் அலுவலர் உட்காரக் கூடாது. அண்ணன் மகனும் எதிர்வீட்டு மாமாவும் வந்து நிற்கையில் "அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வந்துவிடாது.

22 மார்ச், வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்றோடு முடிந்தது. விடைத்தாள் கட்டுகளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், தலைமை ஆசிரியர் மேசையில் தேர்தல் பணி நியமன ஆணைகள். எனக்கு வாக்குச்சாவடி தலைமை அலுவலர் பணி. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு எங்கே வரவேண்டும் என்று இருக்கிறது. எந்தத் தொகுதி என்பது இல்லை. அது இப்போதைக்கு யாருக்கும் தெரியாது, ஆணையில் கையெழுத்திட்டவர் உட்பட.

இந்த முறையை எனக்கு மிகவும் பிடிக்கும். கணினிக் குலுக்கல் மூன்று தடவை நடக்கிறது. முதல் குலுக்கலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை அவரவர் சம்பள நிலையைப் பார்த்து வைக்கிறார்கள். இரண்டாவது, தேர்தல் பார்வையாளர் முன்னிலையில். அதில்தான் தொகுதி முடிவாகிறது. ஒரே அலுவலகத்து ஆட்கள் ஒன்றுசேராதபடி குழுவும் அமைகிறது. மூன்றாவது, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளை ஒட்டி. அப்போதுதான் எந்தக் குழு எந்தச் சாவடிக்கு என்பது வெளியே வருகிறது. தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். ஒரு சாவடியின் தலைமை அலுவலரை விலைக்கு வாங்க நினைக்கும் ஆள், அவர் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்து வாக்குப்பதிவு தொடங்கியிருக்கும்.

24 மார்ச், ஞாயிறு

முதல் பயிற்சி. பாதிப் பேருக்கு இது பழகிய வேலை, மீதிப் பேருக்கு முதல் தடவை. இயந்திரத்தைத் தொட்டு இணைத்துப் பார்க்கப் புதியவர்கள் முண்டியடித்தார்கள். நல்லது, அப்படித்தான் வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, யாருக்கு வாக்களித்தோம் என்பதைத் துண்டுச்சீட்டில் ஏழு விநாடிகள் காட்டும் விவிபேட். மூன்றையும் எந்த வரிசையில் இணைப்பது என்பதைக் காதால் கேட்டால் மறந்துவிடும், கை பழக வேண்டும்.

பயிற்சி அளித்த வட்டாட்சியர் சட்டத்தையும் சுருக்கமாகச் சொன்னார். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 26. வாக்குச்சாவடி அலுவலர்களை நியமிக்கும் அதிகாரம் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது கலெக்டருக்கு. வேட்பாளருக்காக வேலை செய்கிற எவரையும் நியமிக்கக் கூடாது. அறிவிக்கை வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை நாங்கள் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாகவே பொருள். இது பிரிவு 28ஏ. பணியில் தவறினால் பிரிவு 134 இருக்கிறது.

2 ஏப்ரல், செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாமில் பேச்செல்லாம் தேர்தல் பணி பற்றித்தான். என் பக்கத்து மேசைக்காரருக்கு ஆணை வந்து, பிறகு ரத்தாகிவிட்டதாம். எப்படி என்று கேட்டதற்கு, "தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார்" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை. எனக்கு அன்றைய வேலையே ஓடவில்லை.

விலக்கு கேட்பது தவறில்லை. ஆறு மாதத்துக்குள் ஓய்வுபெறுகிறவர்களைத் தேர்தல் பணியில் போடக் கூடாது என்று ஆணையமே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் விட்டுவிடுகிறார்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் பள்ளி ஆசிரியர் மருத்துவச் சான்றோடு போனார், மருத்துவக் குழு பார்த்து ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் நியாயம். ஆனால் சிபாரிசில் ஒருவர் பெயர் நீங்கினால், அந்த இடம் காலியாக இருக்கப் போவதில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத ஒருவர் அங்கே போய் நிற்பார். பெரும்பாலும் அது சின்னச் சம்பளக்காரராகவோ, வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்த இளம் பெண்ணாகவோ இருக்கும். குலுக்கலுக்கு எல்லாப் பெயரும் ஒன்றுதான். ஒரு தொலைபேசி அழைப்பு அதற்குள் கையை விட்டால் குலுக்கல் என்று சொல்வதில் என்ன பொருள்?

இன்னொரு ஆசிரியர், "கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியர்களை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று இருக்கிறதே" என்று கேட்டார். இருக்கிறது, பிரிவு 27. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அது சரியென்றே நினைக்கிறேன். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்குத் தப்பாத, கட்சிக் கொடி பிடிக்காத ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஆசிரியர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

7 ஏப்ரல், ஞாயிறு

இரண்டாம் பயிற்சி. தொகுதி தெரிந்துவிட்டது: நன்னிலம். நான் மன்னார்குடிக்காரி. இரண்டும் ஒரே மாவட்டம், ஆனால் மக்களவைக்கு மன்னார்குடி தஞ்சாவூரில் வருகிறது, நன்னிலம் நாகப்பட்டினத்தில் வருகிறது. என் வாக்கு தஞ்சாவூருக்கு. சொந்த மக்களவைத் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்திருந்தால் தேர்தல் பணிச் சான்றை வாங்கிக்கொண்டு பணிசெய்யும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களித்திருக்கலாம். எனக்கு இனி தபால் வாக்குதான். படிவம் 12ஐ நிரப்பிக் கொடுத்தேன்.

16 ஏப்ரல், செவ்வாய்

பயிற்சி மையத்திலேயே வாக்களிக்கும் வசதி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் தபால் வாக்குச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக அனுப்புவோம். சீட்டை வாங்கிக்கொண்டு போனவர்களை வீடு தேடி வந்து கட்சிக்காரர்கள் வற்புறுத்திய கதைகளெல்லாம் உண்டு. 2023இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது மையத்தில் மறைவுக்குள் போய் எழுதி அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். 13ஏ உறுதிமொழியில் அலுவலர் முன்னிலையில் கையெழுத்து, வாக்குச்சீட்டு 13பி உறைக்குள், இரண்டும் சேர்ந்து 13சி உறைக்குள். தபால் வாக்குகளில் எத்தனையோ செல்லாமல் போவது உறுதிமொழியில் கையெழுத்து இல்லாததால்தான். ஊருக்கெல்லாம் வாக்குப்பதிவு நடத்துகிறவர்களின் வாக்கே செல்லாமல் போவது எவ்வளவு வருத்தமான விஷயம். என் பின்னால் நின்ற இளம் அலுவலரிடம் ஒவ்வொரு உறையாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

18 ஏப்ரல், வியாழன்

முதல் பஸ்ஸில் திருவாரூர், அங்கிருந்து நன்னிலம். விநியோக மையத்தில் சாவடி எண் வாரியாக மேசைகள். மூன்றாம் குலுக்கலின் ஆணை கைக்கு வந்தது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. இரு பக்கமும் உளுந்து வயல், நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி, அதில் ஒரே ஒரு சாவடி.

பயிற்சிகள் பதவி வாரியாக வெவ்வேறு அறைகளில் நடந்ததால் குழுவினரை இன்றுதான் நேரில் பார்த்தேன். முதல் அலுவலர் ஓர் இடைநிலை ஆசிரியை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயரை உரக்கப் படிப்பது அவர் வேலை. இரண்டாம் அலுவலர் கருவூலத்தில் வேலை பார்க்கும் தம்பி. விரலில் மை, வாக்களிக்க வருகிறவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து, வாக்காளர் சீட்டு மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றாம் அலுவலரைக் காணவில்லை. கட்டுப்பாட்டுக் கருவியை இயக்க வேண்டியவர் அவர்தான். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தொலைபேசி அணைந்திருந்தது.

இப்படி நடக்கும் என்பதற்காகத்தான் தேவைக்கு மேல் ஆட்களை நியமித்து ரிசர்வில் உட்கார வைக்கிறார்கள். பந்தலின் ஓரத்தில் காலையிலிருந்து அவர்கள் காத்திருந்தார்கள். பெயர் வாசிக்கப்படாவிட்டால் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. எங்களுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். வேளாண் துறையில் வேலை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாற்றுத் துணி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது மேடம், அம்மா கட்டாயம் எடுத்துப் போகச் சொன்னார்கள்" என்றார். அந்த அம்மாவை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

இயந்திரங்களின் எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, மண்டல அலுவலரின் வண்டியில் ஊர் வந்து சேர மூன்று மணி. கழிப்பறை பூட்டியிருந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி ஊழியர் சாவியைத் தேடிக் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர் வரவில்லை. அவரும் சத்துணவு சமைக்கும் அம்மாவும் குடங்களில் கொண்டுவந்து நிரப்பினார்கள். மூன்று பெண்கள் இரவு தங்கப் போகும் கட்டடத்தில் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று முன்கூட்டி ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். நியமன ஆணையில் எங்களுக்கு விதிக்கப்பட்ட கடமைகள் எத்தனையோ இருந்தன. எங்களுக்குச் செய்து தரவேண்டியது என்ன என்பது ஒரு வரிகூட இல்லை.

இரவு ஒரு கட்சியின் முகவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார், மறுத்துத் திருப்பி அனுப்பினேன். சத்துணவு அம்மாவிடம் காசு கொடுத்து இட்லியும் தக்காளிச் சட்னியும் செய்யச் சொல்லிச் சாப்பிட்டோம். உறைகளில் முகவரி எழுதி முடிக்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது.

19 ஏப்ரல், வெள்ளி

நாலு மணிக்கே எழுந்துவிட்டோம். ஐந்தரைக்கு முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகள் போட்டு, எண்ணி, சீட்டுகளோடு ஒப்பிட்டு, பிறகு இயந்திரத்தில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். மொத்தம் பூஜ்யம் என்று காட்டியதை ஒவ்வொரு முகவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மாதிரிச் சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போய் முத்திரையிடப்பட்டன. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியது.

வெயிலுக்கு முன் வந்துவிட வேண்டும் என்று உளுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டிக்கு இடது கை ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அரிவாள் பட்டதாம். மை வைக்கும் தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த விரல் இல்லாவிட்டால் அதே கையின் வேறு விரலில் வைக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் இவருக்கு மிச்சமிருந்த விரலிலேயே இடம் இருந்தது. பாட்டி கையை நீட்டியபடியே, "எம்.ஜி.ஆர். காலத்திலும் இந்த மொட்டை விரலில்தான் வைத்தார்கள், வையப்பா" என்றார். அந்தத் தம்பி மையை அவ்வளவு கவனமாக வைத்தார்.

பதினொரு மணி அளவில் ஒரு தகராறு. வந்தவர் அந்தப் பெயருக்குரியவர் இல்லை என்று ஒரு முகவர் எழுந்தார். ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். கட்டினார். ரசீது கொடுத்து விசாரித்தேன். ஊரை விட்டுத் திருப்பூருக்குப் போய்ப் பல வருடம் கழித்து வந்திருக்கிற பையன். முகம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கன்வாடி ஊழியர் அவன் குடும்பத்தையே சொன்னார். ஆட்சேபத்தை நிராகரித்து வாக்களிக்க அனுமதித்தேன். இரு தரப்பும் அதோடு அமைதியாகிவிட்டன. நான் அந்த ஊர்க்காரியாக இருந்திருந்தால் ஒருவருமே அமைதியாகியிருக்க மாட்டார்கள். இவள் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, எந்தக் கட்சிக்காரனுக்கு உறவு என்று அங்கேயே கணக்குப் போட்டிருப்பார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாதது எனக்கு அங்கே பெரிய பலமாக இருந்தது.

ரிசர்வில் வந்த பெண், முதல் ஒரு மணி நேரம் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. மதியம் அவரைச் சாப்பிட எழுப்பவே முடியவில்லை. அவர் இடத்தில் நான் உட்கார்ந்த பிறகுதான் போனார், பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுத்தோம். அவர்களும் வாக்களித்ததும் முகவர்கள் பார்க்க, வாக்குப்பதிவை முடித்துவைக்கும் பட்டனை அழுத்தினேன். 17ஏ பதிவேட்டின் எண்ணிக்கையும் இயந்திரத்தின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்குப் பிரதி கொடுத்தேன். அதன் பிறகுதான் காத்திருப்பு. வண்டி வரப் பத்து மணி தாண்டிவிட்டது.

20 ஏப்ரல், சனி

இயந்திரங்களை ஒப்படைத்து வீடு சேரும்போது அதிகாலை. தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நேற்று மதிப்பூதியம் கொடுக்க வந்தபோது, வராமல் போனவரின் பெயர்தான் பட்டியலில் இருந்தது, ரிசர்வில் வந்த பெண்ணின் பெயர் இல்லை. மாலையில் பார்க்கலாம் என்றார்கள், மாலையில் கேட்க ஆள் இல்லை. அவருடைய மாற்று நியமன ஆணையின் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் என்னிடம் இருக்கின்றன. பணியில் முழுநாளும் இருந்தார் என்று தலைமை அலுவலராக நான் சான்றளித்த கடிதத்தை மண்டல அலுவலருக்கு அனுப்பிவிட்டேன். அதே கடிதத்தில் கழிப்பறை பற்றியும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் வராவிட்டால் நானே போய்க் கேட்பேன்.