இறைவெளிப்பாடு தாளுக்குப் படிப்பவர்களுக்கு

அஞ்சல் வழியில் இறையியல் பட்டயம் படிக்கிற நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்துத் தோழர்கள் பலர், கடவுள் தம்மை மனிதருக்கு வெளிப்படுத்துவது பற்றிய இறைவெளிப்பாடு தேர்வுத்தாள் என்றாலே பயப்படுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே அதைப் படித்து எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு. ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். கடவுள் தம்மைப் பற்றிய செய்திகளைத் தருகிறாரா, தம்மையே தருகிறாரா?

1965 நவம்பர் 18-இல் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, தம்மையே தருகிறார் என்கிறது. மொத்தம் 26 எண்கள்தான், அதாவது எண்ணிட்ட சிறு பகுதிகள். வழிகாட்டி நூலைத் தொடுமுன் இதை நேராகப் படித்துவிடுங்கள். 2-ஆம் எண்ணை இரண்டு தடவை படியுங்கள். நண்பர்களிடம் பேசுவதுபோல் கடவுள் மனிதரிடம் பேசுகிறார், அவருடைய செயலும் சொல்லும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன என்று அங்கே இருக்கிறது. இஸ்ரயேலரை எகிப்திலிருந்து மீட்ட விடுதலைப் பயணம் செயல். மோசே வழியாக அதற்கு வந்த விளக்கம் சொல். ஒன்றில்லாமல் மற்றது முழுமையாகப் புரியாது.

படைப்பின் வழியாக எல்லோருக்கும் கிடைக்கும் பொது வெளிப்பாடு, இறைவார்த்தை வழியாகவும் கிறிஸ்து வழியாகவும் வரும் சிறப்பு வெளிப்பாடு என்ற பிரிவு எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் விளக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். திருப்பாடல் 19-ஐ எடுங்கள். முதல் ஆறு வசனங்களில் வானமும் கதிரவனும் பேசுகின்றன. ஏழாம் வசனத்தில் பாடல் சட்டென்று ஆண்டவரின் திருச்சட்டத்துக்குத் திரும்புகிறது. இரண்டு வெளிப்பாடும் ஒரே பாடலில்! அதோடு உரோமையர் 1:20-ஐச் சேர்த்தால் பதிலுக்கு விவிலிய அடித்தளம் கிடைத்துவிடும்.

அடுத்தது, இயற்கை வழியாகக் கடவுளை அறிய முடியுமா என்ற சர்ச்சை. படைப்பிலிருந்து பகுத்தறிவால் கடவுளை உறுதியாக அறியலாம் என்றது 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம். 1934-இல் புராட்டஸ்டண்டு இறையியலாளர் எமில் புருன்னர், கடவுளின் வார்த்தை வந்து தொடுவதற்கு மனித இயல்பில் ஒரு தொடுபுள்ளி உண்டு என்று எழுதியபோது, இன்னொரு புராட்டஸ்டண்டு இறையியலாளரான கார்ல் பார்ட் 'இல்லை!' என்றே தலைப்பிட்டுப் பதில் எழுதினார். ஏன் அத்தனை கடுமை? இனத்திலும் தேசத்திலும் ஹிட்லரின் எழுச்சியிலும் கடவுளின் கையைக் கண்டதாக ஜெர்மனியில் ஒரு கிறிஸ்தவக் கூட்டம் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது. கிறிஸ்துவை விட்டுவிட்டு வேறெங்கோ வெளிப்பாடு தேடினால் எங்கே போய் முடியும் என்று பார்ட் கண்ணெதிரே பார்த்தார். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் அவருடைய கருத்தை எழுதினால் அது வெறும் பிடிவாதமாகத் தெரியும். எனக்கு முதலாம் வத்திக்கானின் நிலைப்பாடே சரியென்று படுகிறது. ஆனாலும் பார்ட்டின் எச்சரிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

முடிந்தால் வேறு சபையைச் சேர்ந்த ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். நான் கத்தோலிக்கச் சபை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும், புராட்டஸ்டண்டு பிரிவான லுத்தரன் சபைத் தங்கை ஒருத்தியோடு புதுச்சேரி பாரதி பூங்காவில் உட்கார்ந்து நான் படிப்பேன். "அப்போ உங்க சபை வேதத்துக்கு மேலயா அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். பதில் அந்த வத்திக்கான் ஏட்டின் 10-ஆம் எண்ணில் இருந்தது: திருச்சபையின் ஆசிரியம், அதாவது அதன் போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணிபுரிகிறது. "இத நானும் ஒத்துக்குவேன். ஆனா மரபையும் வேதத்தோட சேத்துச் சொல்றீங்களே, அத ஒத்துக்க மாட்டேன்" என்றாள். திருவிவிலியமும், திருச்சபையில் வழிவழியாக வரும் போதனையான மரபும் பற்றிய வினாவுக்கு எனக்குப் பதில் அங்கேயே தயாராகிவிட்டது.

பெரிய வினாவுக்கு எம்மாவு நிகழ்ச்சியைத்தான் பரிந்துரைப்பேன். லூக்கா 24. எம்மாவு ஊருக்குப் போகும் இரண்டு சீடர்களோடு உயிர்த்த இயேசு கூடவே நடக்கிறார், அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மோசே முதல் இறைவாக்கினர்வரை விளக்குகிறார். உள்ளம் பற்றி எரிகிறது, ஆனாலும் கண் திறக்கவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததும் கண்டுகொள்கிறார்கள். அந்தக் கணமே அவர் மறைந்துபோகிறார். அவர்களோ அந்த வேளையிலேயே எழுந்து எருசலேமுக்குத் திரும்பி, மற்றவர்களிடம் சொல்கிறார்கள். மறைநூல், சொல், செயல், விசுவாசப் பதில், சபை எல்லாம் இந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன. கண்டபிறகும் கடவுள் நம் கைக்குள் அடங்குவதில்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

வெளிப்பாடு முடிந்துவிட்டதா என்று குறுவினா வரலாம். கிறிஸ்துவில் அது நிறைவடைந்துவிட்டது, திருச்சபை முழுவதற்குமான புதிய வெளிப்பாடு இனி எதிர்பார்க்கப்படுவதில்லை என்று அதே ஏட்டின் 4-ஆம் எண்ணிலிருந்து எழுதுங்கள். அதைப் பற்றிய நம் புரிதல் தொடர்ந்து வளர்கிறது என்பதற்கு 8-ஆம் எண். எபிரேயர் 1:1-2-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்; குறுவினாவுக்கு அதற்குமேல் நேரம் செலவிட வேண்டாம்.