26 கேள்வி, சாப்பாடு பற்றி ஒன்றுகூட இல்லை

"உங்க வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு சொல்வீங்கண்ணா?" என்று திடீரென்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? நான் "பரவாயில்லம்மா" என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த, டாக்டருக்கு மேல்படிப்பு படிக்கிற அந்தப் பெண் ஐந்தில் மூன்று என்று வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு டி.பி. மாத்திரை முடிகிற நேரம் அது. தன் ஆராய்ச்சிக்காக டி.பி. பார்க்க வருகிற எல்லோரிடமும் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் அது. மொத்தம் 26 கேள்வி, கடந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். உடம்பு, மனசு, உறவு, சுற்றுப்புறம் என்று நான்கு பிரிவு. 1990களில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் இதைத் தயார் செய்தபோது சென்னையும் ஒரு மையமாக இருந்திருக்கிறது. நல்ல கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. சளியில் கிருமி இருக்கிறதா, எடை ஏறியதா என்ற இரண்டை மட்டுமே ஆறு மாதமும் கேட்டுச் சலித்துப் போனவனிடம், தூக்கம் வருகிறதா, கையில் காசு இருக்கிறதா, நண்பர்கள் துணைக்கு இருக்கிறார்களா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டதே பெரிய விஷயம். ஆனால் குன்னூரில் இருந்துகொண்டு பதில் சொல்லும்போது சில கேள்விகள் பொருந்தாமல் நிற்கின்றன, சில முக்கியமான விஷயங்கள் கேட்கப்படவே இல்லை.

"எவ்வளவு நல்லா நடமாட முடியுது?" என்று ஒரு கேள்வி. எங்கே நடமாட? பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் படிதான், பாதி சிமென்ட், பாதி மண்ணில் வெட்டியது, மழை பிடித்தால் பாசி. ரேஷன் அரிசி, காஸ் சிலிண்டர், சில நாள் தண்ணீர்க் குடம்கூட அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,200க்கும் மேலே. கீழ்நாட்டிலிருந்து வருகிற திடகாத்திரமான ஆளுக்கே முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். டி.பி. வந்த நுரையீரலில் கிருமி செத்த பிறகும் தழும்பு நின்றுவிடும், சிலருக்கு மூச்சுக் குழாயே சுருங்கியோ அகலமாகியோ போயிருக்கும். சளிப் பரிசோதனை அதையெல்லாம் காட்டாது. ரிசல்ட்டில் "கிருமி இல்லை" என்று வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கும் நான் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் வீடு சேர்ந்தேன்.

வலி பற்றிய கேள்வியும் அப்படித்தான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அதற்கப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து, எடைக்குத் தகுந்த எண்ணிக்கை. அந்த நான்கில் பைராசினமைடு என்று ஒன்று ரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டும், மூட்டு வலிக்கும். சமதளத்தில் இருக்கிறவர் சமாளித்துக்கொள்ளலாம், இங்கே இறக்கத்தில் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கத்தும். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கே பாதி செத்திருப்பேன். பாதம் எரிந்தாலோ மரத்தாலோ பி6 வைட்டமின் மாத்திரை கேட்கலாம். கண் மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது, உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

அப்புறம் வேலை. நான் வர்க்கி என்கிற மொறுமொறு பேக்கரிப் பண்டம் சுடுகிற அடுப்பில் நின்றவன். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊட்டி வர்க்கிதான். விறகு அடுப்பு, ராத்திரி வேலை, மைதா மூட்டை தூக்க வேண்டும். இருமல் வந்தபோது மாவுத் தூசி என்றுதான் நான், முதலாளி, மருந்துக்கடைக்காரர் எல்லோரும் முடிவு கட்டினோம். டி.பி. என்று தெரிந்ததும் முதலாளி கோபப்படவில்லை, ரொம்ப அன்பாக "நல்லா ஆயிட்டு வாப்பா" என்றார். ஆன பிறகு போனேன், ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் டி.பி. வந்த ஆள் வேலை பார்த்தான் என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. பயம் புரிகிறது, நியாயம்தான் புரியவில்லை, ஏனென்றால் அது பண்டத்தில் தொற்றிப் போகிற நோய் இல்லை, இருமும்போது காற்றில் பரவுகிற நோய். ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்த சில வாரங்களில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். நான் முழுதாகப் பரப்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் என்னைத் தினமும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்!

பக்கத்து லைனில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு அக்கா, அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தது. சின்னத் தோட்டங்களில் கிலோக் கணக்குக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். எஸ்டேட்டில் நிரந்தரம் என்றால் நோய்க்கால லீவுக்குச் சம்பளம் கேட்கச் சட்டம் இருக்கிறது, கிலோக் கணக்கில் பறிப்பவருக்கு அது யார் கொடுப்பது? வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக் குமட்டலோடு தோட்டத்துக்குப் போவார், மதியத்துக்குள் கை ஓய்ந்துவிடும், பறிக்கிற எடை பாதியாகக் குறைந்தது. எடை குறைந்தால் கூலி குறையும், கூலி குறைந்தால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் உடம்பு எடை ஏறாது, எடை ஏறவில்லை என்று மாதா மாதம் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

அந்த 26 கேள்வியில் சாப்பாடு பற்றி ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பணம் போதுமா என்று கேட்கிறார்கள், வீடு எப்படி, பஸ் வசதி எப்படி, தாம்பத்தியம் எப்படி என்றுகூடக் கேட்கிறார்கள் (அந்தப் பெண் அதைக் கேட்கும்போது தாளை விட்டுத் தலை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை). நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று இல்லை. இதே குன்னூரில்தான் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளுக்கு விதவிதமாகத் தீனி போட்டு, சத்தில்லாத சாப்பாடு உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். அதிலிருந்து வளர்ந்த சத்துணவு ஆய்வுக்கூடம் 1958ல் ஹைதராபாத்துக்குப் போனது. குன்னூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இப்போது ஜார்க்கண்டில் செய்து 2023ல் வெளியிட்ட ஆய்வில், டி.பி. வந்தவர் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தபோது அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கிறது. தொடக்கத்திலேயே எடை ஏறிய நோயாளிகளில் இறப்பும் குறைவு.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசு 2018ல் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோய் தெரிந்ததுமே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றுகிற வேலை, பெரிய வேலை. ஆனால் 1,000 ரூபாயில் ஒரு ஆளுக்கு முட்டை, பருப்பு, பால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் மலையில் விற்கிற விலைக்கு. எங்கள் வீட்டில் முட்டை வாங்கினால் ஐந்து பேர் இருக்கிறோம், நோயாளி நான் மட்டும் எப்படித் தனியாக உரித்துத் தின்பது? பெண்கள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம், அந்த அக்கா தனக்கு என்று வாங்கியதைக் கடைசிவரை பிள்ளைகளுக்குத்தான் வைத்தார்.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டி.பி. என்றால் மலைக்காற்று, சானடோரியம் என்கிற தங்கிப் பார்க்கும் ஆஸ்பத்திரி, ஓய்வு என்றுதான் வைத்தியம். 1956ல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வில், நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் படுக்கையுமாக இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே அதற்குப் பிறகுதான் வைத்தியத்தை வீட்டுக்கு மாற்றியது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர், தனித் தட்டு, தனிப் போர்வை. தட்டைப் பிரிக்கிற அக்கறையில் கால்வாசி ஜன்னல் திறப்பதில் இருந்திருந்தால் தேவலை. குளிருக்கும் மிஸ்டுக்கும் பயந்து ஜூன் மாதம் சாத்திய ஜன்னலை மார்ச்சில்தான் திறப்பார்கள், உள்ளேயே விறகு அடுப்புப் புகை வேறு.

ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் படுகிற பாடு தனி. இங்கேயே மாத்திரை கிடைக்கும்போது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்த ஒரு பையனை எனக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவில் பாதி மருந்து வாந்தியாகவே போயிருக்கும். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் என்றால் வீட்டார் "அல்சர்" என்று சொல்லிவைப்பார்கள். கூடலூர்ப் பக்கம் ஆதிவாசி மருத்துவமனை ஆரம்பத்திலிருந்தே அந்தந்த ஊர் ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கி அனுப்புகிறது. தன் பாஷை பேசுகிற, தன் வீட்டுக் கஷ்டம் தெரிந்த ஆள் வாசலுக்கு வந்தால் மறைக்க வேண்டிய அவசியம் பாதியாவது குறையும் இல்லையா? லைன் வீடுகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும், நோய் வந்து தேறியவர்களையே அதற்கு எடுக்கலாம், சம்பளம் கொடுத்து.

கடைசிக் கேள்வி, மனச்சோர்வு, பதற்றம், நம்பிக்கையின்மை எல்லாம் எத்தனை முறை வந்தது என்பது. ஆறு மாதத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். மதிப்பெண் சொல்லாமல் வேலை போனது, தூங்காதது, அம்மாவின் கூலியில் உட்கார்ந்து தின்கிற கூச்சம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், பிறகு மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். போனேன். தூக்கம் சரியானது.

இப்போது ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் குறைவு, தூசி குறைவு. மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, பலர் போவதில்லை, கூப்பிட்டு நினைவுபடுத்தவும் ஆள் இல்லை. எனக்கு வருஷ செக்கப் இந்த மாதம் வருகிறது. சளி எடுத்துக்கொண்டு அனுப்பிவிடாமல், குழாயில் ஊதி மூச்சின் அளவு பார்க்கிற டெஸ்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும், போனால் போகட்டும்.