0.0025 மி.மீ. கணக்கை நம்பி இரண்டு வாரம் போனது

608 என்ற அளவு பேரிங் உட்கார 22 மி.மீ. விட்டத்தில் ஒரு குழி. கணினி சொல்படி வெட்டும் என் சிஎன்சி மெஷினில், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அதைச் சரியாக வெட்ட எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சிஎன்சியைப் பூட்டியது, அதை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளை ஏற்றியது எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டில் 1/16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரிப்பது), ஆக 3200. மோட்டார் சுழற்றும் டி8 லீட் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு) சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும். மி.மீ.க்கு 400 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப் 0.0025 மி.மீ. ஆனால் குழியை அளந்தால் எக்ஸ் அச்சில் 21.82, ஒய் அச்சில் 21.95.

உதிரி வாங்கிய கடையில் கேட்டேன். "1/32 டிரைவர் போடுங்க சார், அக்யூரசி டபுள் ஆயிடும்" என்றார்கள். அரை நாள் லீவு போட்டு வாங்கி வந்து மாட்டினேன். கணக்கில் 0.00125 ஆனது, குழி அதே 21.82. திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்தது என் தப்பு. பழைய டிரைவரையே மாட்டி, எக்ஸ் அச்சில் மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று ஜிஆர்பிஎல்லுக்குச் சொல்லும் $100 மதிப்பை 400-லிருந்து 403.3 ஆக்கினேன். குழி 21.98 வந்தது, சந்தோஷம். மறுநாள் 100 மி.மீ. தட்டு வெட்டினேன்: 100.67! தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சின்னதிலும் பெரியதிலும் குறை ஒரே அளவாக இருந்தால் ஸ்டெப் கணக்கில் தப்பில்லை. நீளம் கூடக் கூடக் குறையும் கூடினால்தான் அந்த எண்ணைத் தொட வேண்டும்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான் வழி காட்டினார். "ப்ளே பாத்தியாப்பா?" என்று, அதாவது திசை திருப்பும்போது வரும் ஆட்டத்தைப் பார்த்தாயா என்று கேட்டு, சின்ன நகர்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் கையில் கொடுத்தார். $100-ஐ 400-க்கே மாற்றிவிட்டு, ஒரே திசையில் 1 மி.மீ. வீதம் மூன்று முறை நகர்த்தினேன். முள் ஒவ்வொரு முறையும் சரியாக 1.00 காட்டியது. திசையைத் திருப்பினேன். முதல் நகர்வில் 0.82 மட்டுமே. குழியில் காணாமல் போன அதே 0.18! மோட்டார் ஸ்டெப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. பித்தளை நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே இருந்த இடைவெளி அதை விழுங்கிவிட்டது. எவ்வளவு பொடியாக நகரச் சொல்லலாம் என்பது ரெசல்யூஷன். கட்டர் உண்மையில் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அக்யூரசி. ஸ்டெப்பை இன்னும் பொடியாக்கினாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷை, அதாவது இந்த இடைவெளியை, சரிக்கட்டும் வசதி கிடையாது. அதனால் ஸ்ப்ரிங் வைத்த ஆன்டி-பேக்லாஷ் நட்டை எக்ஸில் போட்டேன். அப்புறம் மோட்டாரையும் லீட் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் தளர்ந்திருந்த கிரப் ஸ்க்ரூவையும் (சின்னப் பூட்டுத் திருகு) இறுக்கினேன். ப்ளே 0.03-க்கு இறங்கியது. எதையும் வாங்கும் முன் இந்த டயல் சோதனையைச் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான்.

நேற்று வெட்டிய குழியில் பேரிங் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போய் உட்கார்ந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை.