எம்சிஏ ஜியுஐ லேப் பிராக்டிகல்: டிராக் அண்ட் டிராப் கேள்வி வந்தால்

நேற்று மாலை ரிசல்ட் வந்துவிட்டது. ஜியுஐ (ஜன்னல், மெனு, பட்டன் உள்ள புரோகிராம் எழுதுகிற) லேபில் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க், பெரிய நிம்மதி. எனக்கு வந்த கேள்வி, எல்லோரும் ரெக்கார்டில் எழுதிவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விடுகிற கேள்வி: ஏற்கெனவே ஓடுகிற ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் டிராக் அண்ட் டிராப் வசதி சேர்க்க வேண்டும், ஃபைலை ஜன்னல் மேல் போட்டால் அது திறக்க வேண்டும். அடுத்து இதே லேப் எழுதப்போகிற ஜூனியர்களுக்காக நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். எய்ம், அல்காரிதம், அவுட்புட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. எங்கள் லேபில் பைதானும், ஜன்னல் புரோகிராம் எழுத உதவும் க்யூட்டி நூலகத்தின் பைதான் வடிவமான பைக்யூட்டி 6-ம்.

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: என்ன வந்து விழுகிறது என்று பார்க்காமல் ஒரு வரி கோட்கூட எழுதாதீர்கள். ஜன்னலுக்கு செட் அக்செப்ட் டிராப்ஸ் ட்ரூ கொடுங்கள், டிராக் என்டர் ஈவென்டை (இழுத்துவருவது ஜன்னலுக்குள் நுழையும்போது ஓடுவது) எழுதி அதற்குள் ஒரே ஒரு பிரின்ட் போடுங்கள். ஈவென்டின் மைம் டேட்டாவிடம் (இழுத்துவருவதன் உள்ளடக்கமும் அதன் வகையும் இருக்கும் பொட்டலம்) ஃபார்மட்ஸ் என்று கேட்டால் பட்டியல் வரும், அதை அப்படியே கன்சோலில் அச்சடிக்க வேண்டியதுதான். பிறகு ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைல், பிரவுசரிலிருந்து ஒரு லிங்க், ஏதாவது ஒரு பக்கத்தில் செலக்ட் செய்த நாலு வார்த்தை, இந்த மூன்றையும் தனித்தனியாக இழுத்து வந்து பாருங்கள். ஃபைலுக்கு டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட் (முகவரிகளின் பட்டியல்) என்று வரும், விண்டோஸில் அதற்கே உரிய நீள நீளமான பெயர்களும் கூடவே வரும், பயப்பட வேண்டாம். செலக்ட் செய்த வார்த்தைகளுக்கு டெக்ஸ்ட்/பிளெயின், டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல். பிரவுசர் லிங்குக்கும் அதே டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட் வருகிறது பாருங்கள், அங்கேதான் விஷயம். ஹேஸ் யூஆர்எல்ஸ் என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே விட்டால் ஒரு வெப்சைட் முகவரியும் ஃபைல் என்ற பெயரில் நுழைந்துவிடும், யூஆர்எல்லை ஃபைல் பாதையாக்கும் டு லோக்கல் ஃபைல் வெறும் காலி ஸ்ட்ரிங்கைத் தரும், அடுத்த வரியில் ஓப்பன் செய்யும்போது புரோகிராம் விழும். இஸ் லோக்கல் ஃபைல் என்று ஒவ்வொரு யூஆர்எல்லையும் கேட்டு, பிறகுதான் அக்செப்ட் செய்ய வேண்டும். இதை எந்த நோட்ஸிலும் மனப்பாடம் செய்து நான் போகவில்லை, அந்தப் பிரின்ட் காட்டிக்கொடுத்தது.

பிரின்ட் வராமல் போனால் அதுவும் ஒரு தகவல். நடு ஜன்னல் முழுக்க எடிட்டர் விட்ஜெட் அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் ஃபைலை இழுத்தால் கன்சோலில் ஒன்றுமே வராது, விட்டால் ஃபைல் திறப்பதற்குப் பதிலாக அதன் பாதை, ஃபைல் என்ற சொல்லும் மூன்று சாய்கோடுமாக, எடிட்டருக்குள் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காரணம், க்யூட்டியில் டெக்ஸ்ட் எடிட், பிளெயின் டெக்ஸ்ட் எடிட் இரண்டுமே இயல்பாகவே டிராப்பை வாங்கிக்கொள்பவை. வெளியே இருக்கிற ஜன்னலுக்குச் செய்தி போவதே இல்லை. எடிட்டருக்கு செட் அக்செப்ட் டிராப்ஸ் ஃபால்ஸ், ஜன்னலுக்கு ட்ரூ. இந்த ஜோடி வரி இல்லாமல் மற்ற கோட் எவ்வளவு அழகாக இருந்தாலும் டெமோவில் நிற்காது.

இதைக் காட்டி முடித்ததும் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) ஒரு வரியைச் செலக்ட் செய்து எடிட்டருக்குள்ளேயே வேறு இடத்துக்கு இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. "இதை எதற்காக இழந்தீர்கள்?" என்றார். நல்ல கேள்வி, எனக்குப் பிடித்திருந்தது. ஃபைல் திறப்பதுதான் கேள்வியில் கேட்டிருந்தது என்பதால் சின்ன வழியை எடுத்தேன் சார், இரண்டும் வேண்டுமென்றால் எடிட்டரை சப்கிளாஸ் செய்து கேன் இன்சர்ட் ஃப்ரம் மைம் டேட்டா, இன்சர்ட் ஃப்ரம் மைம் டேட்டா இரண்டையும் திருப்பி எழுதி, ஃபைலாக இருந்தால் திறப்பது, எழுத்தாக இருந்தால் பழையபடி விட்டுவிடுவது என்று செய்யலாம் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். எடுத்த வழியில் எது போகிறது என்று தெரிந்து வைத்திருந்தால் போதும், நீங்கள் சின்ன வழியை எடுத்ததற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

டிராப் ஈவென்டில் கவனிக்க:

– பாதையை ஸ்ட்ரிங்காக வெட்டி எடுக்காதீர்கள். நான் சோதனைக்கு வைத்திருந்த ஃபைலின் பெயர் "அம்மா கடிதம்". யூஆர்எல்லாக அது வரும்போது 'அ' என்ற ஓர் எழுத்து %E0%AE%85 ஆகிவிடும், இடைவெளி %20 ஆகிவிடும். டு லோக்கல் ஃபைல் இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். தமிழ்ப் பெயரில் ஒரு ஃபைல், நடுவில் இடைவெளியோடு, கட்டாயம் வைத்துச் சோதியுங்கள்.

– காப்பியா மூவா. அக்செப்ட் ப்ரொப்போஸ்ட் ஆக்ஷன் என்று எழுதினால் எதிர்ப்பக்கம் முன்மொழிவதை அப்படியே ஒப்புக்கொள்கிறீர்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் அது மூவ். மூவ் என்று நாம் ஒப்புக்கொண்டால் மூலத்தை நீக்கும் உரிமை இழுத்துவந்த புரோகிராமுக்குப் போகிறது. நம் எடிட்டர் ஃபைலைப் படிக்க மட்டும்தான் செய்கிறது, ஆகவே செட் டிராப் ஆக்ஷனில் காப்பி என்று வைத்துவிட்டு வெறும் அக்செப்ட். ஒருவருடைய ஃபைலோடு விளையாடுகிற இடம் இது, இங்கே சோம்பல் கூடாது.

– பெரிய வேலையை டிராப் ஈவென்டுக்குள் செய்யாதீர்கள், மெசேஜ் பாக்ஸும் வேண்டாம். விண்டோஸில் நாம் திரும்பி வரும்வரை எக்ஸ்ப்ளோரர் காத்துக்கொண்டு உறைந்து நிற்கும். பாதைகளை எடுத்து வைத்துக்கொண்டு, கியூடைமரின் சிங்கிள் ஷாட்டில் 0 கொடுத்துத் திறக்கும் வேலையைத் தள்ளிவிடுங்கள்.

– ஒரே நேரத்தில் பல ஃபைல் வரலாம், ஃபோல்டரும் வரலாம். முதல் ஒன்றை மட்டும் எடுப்பதானால் ஸ்டேட்டஸ் பாரில் சொல்லுங்கள்.

விவாவில் (வாய்மொழித் தேர்வில்) மிக நேரம் பிடித்தது அட்மினிஸ்ட்ரேட்டர் கேள்விதான். எடிட்டரை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபைலை இழுத்தால் தடை அடையாளம் மட்டும் வரும், கோடில் எந்தப் பிழையும் இருக்காது. 2007-இல் விஸ்டாவோடு வந்த பாதுகாப்பு ஏற்பாடு இது: குறைந்த உரிமையில் ஓடுகிற புரோகிராம், கூடுதல் உரிமையில் ஓடுகிற புரோகிராமின் ஜன்னலுக்குச் செய்தி அனுப்புவதை விண்டோஸ் தடுக்கிறது. எக்ஸ்ப்ளோரர் சாதாரண உரிமையில் ஓடுவதால் அது இழுத்துவருவது நம் வாசலைத் தாண்டாது. லேபில் ஐடிஇயை (கோட் எழுதி ஓட்டும் மென்பொருளை) அட்மினாகத் திறக்கிற பழக்கம் இருந்தால் உங்கள் புரோகிராமும் அதே உரிமையோடுதான் ஓடும். டெமோவுக்கு முன் சாதாரணமாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இதில் மாட்டினால் கோடைத் திருத்தித் திருத்தியே நேரம் போய்விடும்.

மற்ற விவா கேள்விகள், சுருக்கமாக:

இழுப்பதை நாமே தொடங்குவது எப்படி? மவுஸ் அழுத்திய இடத்தை வைத்துக்கொண்டு, நகர்ந்த தூரம் ஸ்டார்ட் டிராக் டிஸ்டன்ஸைத் தாண்டினால் கியூடிராக் (இழுப்பை நடத்தும் ஆப்ஜெக்ட்) உருவாக்க வேண்டும். பிளாட்ஃபார்ம் வேறு மதிப்புத் தராவிட்டால் அது 10 பிக்ஸல். இல்லாவிட்டால் சும்மா கிளிக் செய்யும்போது கை லேசாக அசைந்தாலே இழுப்பு தொடங்கிவிடும்.

விண்டோஸில் அடியில் என்ன? புரோகிராம்களுக்கிடையே தகவல் பரிமாற உதவும் ஓஎல்இயின் ஐடிராப்டார்கெட். டிராக் என்டர், டிராக் ஓவர், டிராக் லீவ், டிராப் என்று நான்கு. க்யூட்டியின் நான்கு ஈவென்டுகளையும் இதோடு பொருத்திச் சொன்னால் போதும். லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டுவது எக்ஸ்11 என்றால் எக்ஸ்டிஎன்டி நெறிமுறை.

இழுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? இதை எக்ஸ்டெர்னல் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. கை நடுக்கம் உள்ளவருக்கு மவுஸை அழுத்தியபடியே நகர்த்துவது பெரும் பாடு. வெப்பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி 2.2, 2023-இல் வந்தது, அதில் 2.5.7 என்ற விதியே இழுத்துச் செய்கிற வேலைக்கு இழுக்காமல் செய்யும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது. டெஸ்க்டாப்பிலும் அதே நியாயம்தான். ஃபைல் மெனுவின் ஓப்பனையும் கன்ட்ரோல் ஓவையும் எடுத்துவிடாதீர்கள். டிராப்பும் மெனுவும் ஒரே ஓப்பன் ஃபங்ஷனை அழைக்கும்படி எழுதினால் கோடும் பாதியாகும்.

எனக்கு அவசரமாக டைப் செய்ய வராது, அதனால் முதலில் பார்த்துவிட்டு மெதுவாக எழுதுகிற இந்த முறை பொருந்தியது. வேகமாக எழுதிவிட்டுத் திருத்துகிறவர்கள்கூட அந்தப் பிரின்டை மட்டும் முதலில் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய ரெக்கார்ட் நோட்டைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. அதில் இருப்பது பைக்யூட்டி 5 ஆக இருந்தால் கியூடிராக்கின் எக்ஸெக் பெயருக்குப் பின்னால் ஓர் அண்டர்ஸ்கோர் இருக்கலாம், டிராப் விழுந்த இடத்துக்கு ஈவென்டின் பாஸ் என்று இருக்கும். 6-இல் அண்டர்ஸ்கோர் இல்லை, பாஸுக்குப் பதில் பொசிஷன், அதை டு பாயின்ட் செய்துகொள்ள வேண்டும். க்யூட்டி.காப்பிஆக்ஷன் என்பதும் க்யூட்டி.டிராப்ஆக்ஷன்.காப்பிஆக்ஷன் என்று முழுப்பெயராக மாறியிருக்கிறது. லேப் மெஷினில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பிராக்டிகலுக்கு முன்பே லேப் அசிஸ்டன்டிடம் கேட்டுவிடுங்கள்.