எதிர்ப் பக்கத்தில் என்ன?

எங்கள் நாளிதழில் பக்கம் போடும் என்னிடம் விளம்பரப் பிரிவு மேலாளர் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், நாளைக்கு மூணாம் பக்கம் ஃபுல் பேஜ் கவர்மென்ட் விளம்பரம். எதிர்ப் பக்கத்துல என்ன போகுது?" குடிநீர் கேட்டு மறியல், அமைச்சர் காரை மறித்திருக்கிறார்கள் என்றேன். "ஓ" என்றார். சில நொடி பேச்சில்லை. அப்புறம், "சரி சார், சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். எடுக்கச் சொல்லவில்லை, மாற்றச் சொல்லவில்லை, மேலிடம் என்ற பேச்சே வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி இரண்டாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கத்துக்குப் போனது. படமும் மாறியது. இரண்டையும் செய்தது நான்.

எந்த ஆட்சியில் நடந்தது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் "அப்படித்தான் இருக்கும், அவங்க ஆட்சியாச்சே" என்று முடித்துக்கொள்வீர்கள். மீதிப் பேர், நான் எந்தக் கட்சிக்காரன் என்று தேட ஆரம்பிப்பீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் சொல்வதை இன்று எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும்.

மேலாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எதிர்ப் பக்கத்தில் என்ன வருகிறது என்று விளம்பரப் பிரிவு கேட்பது புதிதல்ல. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி வந்தால் கடைக்காரர் மறுநாள் காலையிலேயே கூப்பிடுவார். பேருந்து விபத்துச் செய்திக்குக் கீழே டிராவல்ஸ் விளம்பரம் வந்து, அதற்காக நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அதனால்தான் எந்தப் பக்கத்தில் எந்த விளம்பரம் என்று காட்டும் டம்மி வந்ததும், செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கும் விளம்பரப் பிரிவும் பேசிக்கொள்வது. வீடுதோறும் குடிநீர் என்று முழுப்பக்கம் விளம்பரம், நேர் எதிரே காலிக்குடம். பார்க்கிறவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத் தவிர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த நியாயம் பக்கத்தை மாற்றியதற்குத்தான் பொருந்தும். படத்துக்கு என்ன சொல்வது?

ராமநாதபுரம் பக்கத்துப் பகுதிநேர நிருபர் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் அமைச்சரின் கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. வயதான ஒரு அம்மா குடத்தை அந்த இடைவெளிக்குள் கவிழ்த்துப் பிடித்துக் காட்டுகிறார். உள்ளே அமைச்சரின் முகம் பாதி தெரிகிறது. இன்னொன்றில் பெண்கள் சாலையில் குடங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் குனிந்து பேசுகிறார். இப்படி ஒரு படம் எங்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும். நான் எடுத்தது இரண்டாவதை.

முதல் படம் ஆடியிருந்தது. இது பொய்யில்லை. தள்ளுமுள்ளுக்கு நடுவில் செல்போனில் எடுத்தது. ஏழாம் பக்கம் கறுப்பு வெள்ளை, அச்சில் இன்னும் மங்கிப் போயிருக்கும். லேஅவுட்டில் இருந்த பையனும் அதையேதான் சொன்னான். ஆனால் இரண்டாம் பக்கம் கலர். அங்கேயே விட்டிருந்தால் அந்தப் படம் நின்றிருக்கும். அதை ஏழுக்குத் தள்ளியது நான். தள்ளிய பிறகு, ஏழாம் பக்கத்துக்கு இது சரிவராது என்று முடிவு செய்ததும் நான். ஒரு முடிவுக்கு இன்னொரு முடிவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

செய்தியில் ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. அமைச்சர் காரை மறித்தது முதல் பத்தியிலேயே இருந்தது. எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் எங்கே உடைந்தது எல்லாம் இருந்தது. யாராவது வழக்குப் போட்டாலும் நிற்கும் செய்தி.

காலையில் நிருபர் போன் செய்தார்.

"சார், அந்தக் கார் படம் கிளியரா இல்லையா?"

"கொஞ்சம் ஆடியிருந்துச்சுப்பா."

"சரி சார்." அப்புறம், வைப்பதற்கு முன்னால், "அந்த அம்மா காலையிலேயே டீக்கடையில வந்து பேப்பர் வாங்கிப் பார்த்துச்சாம் சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்க வேண்டியதை எல்லாம் அவர் கேட்காமல் விட்டதால்தான் இன்னும் இதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த நிருபர்களின் பிழைப்பு தெரியாது. பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் விளம்பரம் பிடித்தால் கமிஷன். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரைகளை 2014ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது டெஸ்க்கில் நாங்கள் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். இவர்கள் பலருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. பொங்கல், சுதந்திர தினம், தலைவர் பிறந்தநாள் என்று வாழ்த்து விளம்பரம் கேட்டு அவர் போய் நிற்க வேண்டியது அதே அமைச்சரின் ஆட்களிடம்தான். அது தெரிந்தும் அந்தக் கார் படத்தை எடுத்து, என்னை நம்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். பயப்பட வேண்டியவர் அவர். பயப்பட்டது யார்?

பயம் என்று எழுதிவிட்டேன். அதுவும் சரியான கணக்கில்லை. அன்றைக்குப் பயந்ததாக எனக்கு நினைவே இல்லை.

எங்கள் தொழிலில் அஞ்சாமல் நின்றவர்களின் கதைகள் நிறைய உண்டு. 1987ல் அட்டையில் வந்த ஒரு கார்ட்டூன் சபையின் உரிமையை மீறியது என்று ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2003ல் தி இந்து நாளிதழைச் சேர்ந்தவர்களுக்குப் பதினைந்து நாள் என்று அதே சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உச்ச நீதிமன்றம் தடுத்தது. எனக்குப் பிடித்தது நெருக்கடிநிலைக் காலத்துச் சம்பவம். 1976 ஜனவரி 31ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். கைதானவர்கள் பெயரை அச்சிடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அவர் நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் போட்டது. படித்தவர்களுக்கு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

அந்தக் கதைகளில் எல்லாம் எதிரே ஒரு உத்தரவு இருக்கிறது. தணிக்கை அதிகாரியோ சபாநாயகரோ இருக்கிறார். பணிந்தார், பணியவில்லை என்று சொல்ல முடிகிறது. என் விஷயத்தில் இருந்தது ஒரு "ஓ". அதை உத்தரவு என்று சொன்னால் மேலாளர் மேல் அபாண்டம். இல்லை என்று சொன்னால், நான் ஏன் பக்கத்தைக் கலைத்தேன்?

முரசொலி கட்சிப் பத்திரிகை என்பது ஊருக்கே தெரியும். தொலைக்காட்சியிலும் அப்படித்தான். 1993ல் சன், 1999ல் ஜெயா, 2007ல் கலைஞர் என்று வர வர, எந்தச் சேனலில் எதைக் கழித்துக் கேட்க வேண்டும் என்று நம் மக்கள் பழகிவிட்டார்கள். என் மாமனார் ஒரே செய்தியை இரண்டு சேனலில் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு இடத்தில் உண்மை இருக்கும் என்பார். அவருக்கு அதில் ஏமாற்றமும் இல்லை, கோபமும் இல்லை. சாயம் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் எங்களைப் படிப்பவருக்குத்தான் எதைக் கழிப்பது என்று தெரியாது.

காசுக்குச் செய்தி போடுகிறவர்களைவிட நாம் மேல் என்று நாங்கள் டெஸ்க்கில் பேசிக்கொள்வது உண்டு. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில் முதலமைச்சர் அசோக் சவாணைப் புகழ்ந்து ஒரே கட்டுரை வெவ்வேறு நாளிதழ்களில் வெவ்வேறு நிருபர் பெயரில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். நாளிதழ் விளம்பரத்துக்குச் சவாண் காட்டியிருந்த தேர்தல் செலவு 5,379 ரூபாய். இந்திய பத்திரிகை கவுன்சில் இருவர் குழு போட்டு விசாரித்தது. குழு பத்திரிகைகளின் பெயரோடு 71 பக்க அறிக்கை கொடுத்தது. 2010ல் கவுன்சில் வெளியிட்டதோ பெயர்கள் இல்லாத சுருக்கம். முழு அறிக்கை வெளியே வர அடுத்த ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் தேவைப்பட்டது. அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெயர்களை எடுத்த கவுன்சிலிலும் எங்களைப் போலப் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். அன்று அவர்களுக்கு யாராவது உத்தரவு போட்டிருப்பார்களா, அல்லது எங்கிருந்தோ ஒரு கேள்வி மட்டும் வந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

அரசு விளம்பரம் இல்லாமல் நடத்திப் பாருங்கள் என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்குப் பத்து சதவீதச் சுங்கவரி போட்டபோது பக்கங்களைக் குறைத்தோம். அடுத்த ஆண்டு அது ஐந்தாகக் குறைந்தது, ஆனால் பக்கங்கள் திரும்பி வரவில்லை. என் சம்பளமும் அந்த மூன்றாம் பக்கத்திலிருந்துதான் வருகிறது. மறுக்க முடியாத வாதம். ஆனால் அந்த முழுப்பக்கம் மக்கள் பணம், குடம் கவிழ்த்த அம்மாவின் பணமும் அதில் இருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

குழாயைச் சரி செய்துவிட்டார்கள், சில நாளில். ஏழாம் பக்கத்தில் வந்தாலும் வேலை நடந்ததே என்று கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கார்க் காட்சி வீடியோவாக முந்தின நாள் சாயங்காலமே மாவட்டம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. எங்கள் செய்தியைப் பார்த்துச் செய்தார்களா, வீடியோவைப் பார்த்தா? யாரிடம் கேட்பது? முன்பெல்லாம் நாங்கள் எதை விட்டோம் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு டீக்கடையில் பேப்பர் விரித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அந்த நிருபர் இன்னும் எங்களுக்குத்தான் செய்தி அனுப்புகிறார். முன்பு ஒரு நிகழ்ச்சிக்கு ஏழெட்டுப் படம் வரும், இப்போது ஒன்றுதான். எப்போதும் தெளிவாக இருக்கிறது. வேறு எதுவும் எடுக்கவில்லையா என்று கேட்டால், "நெட் ஸ்லோ சார்" என்கிறார். சொந்தமாக ஒரு யூடியூப் சேனல் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒரு மாவட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம், பட்டாசுச் சத்தத்தோடு. சரி, இவரும் அப்படித்தான் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்து ஓடிய செய்தியில், சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று ஒரு ஒன்றியக் கவுன்சிலரை அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவுன்சிலரும் அதே கட்சிதான்.